நூற்றுப் பத்தில் நின்ற கைப்பிடி

அத்தியாயம் 17

பூட்டிக் கிடக்கிற ஷெட்டுக்குள் மாட்டியிருக்கும் ஒரு ரெஞ்ச் தானாகத் திரும்புமா என்று போன வாரம் முழுக்க என்னைப் போட்டு உலுக்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்குத் தெரியாது. அண்ணிக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் அவள் இன்றைக்குக் கிளம்புகிறாள், கொஞ்சம் பொறுங்கள்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் போய் எட்டு மாதம் ஆகிறது. வேலைக்குப் போகும் வழியில் காரின் முன்சக்கரம் கழன்று, வண்டி பாலத்துச் சுவரில் மோதியது. சொந்தக் காருக்கு எல்லா வேலையும் தன் கையாலேயே பார்த்துக்கொள்கிற மனிதர். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் பிரேக் கட்டை மாற்றுவதற்காக அந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தார். நட்டை முறுக்க மறந்துவிட்டார் என்று போலீசிலிருந்து பக்கத்து வீடு வரை எல்லோரும் ஒரே வாயாகச் சொல்லி முடித்துவிட்டார்கள்.

இப்போது அந்த வீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி அவர் மனைவி, மருந்துக்கடை நடத்துகிறவள், நமக்கு முதல் அத்தியாயத்திலிருந்தே அண்ணி. இன்னொருத்தி அவர் தங்கை, ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கிறவள். முப்பத்து நாலு வயதாகியும் 'பொடிசு' என்று அண்ணன் வைத்த பேர் அவளை விட்டுப் போகவில்லை.

அண்ணி மட்டும் அறிந்த ஒன்று உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை பொடிசு லேப் ஷிப்டுக்குப் போயிருந்தாள். அவர் ஷெட்டில் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, சொன்ன நேரத்துக்கு வெளியே கிளம்பவில்லை என்று அண்ணி ஜன்னல் வழியாகக் கத்தி அவரை மேலே வரவழைத்தாள். இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. பிறகு அவர் படியிறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஷெட்டிலிருந்து 'டக், டக்' என்று ரெஞ்ச் சத்தம் கேட்ட மாதிரி இவளுக்கு நினைவு. உண்மையாகவே கேட்டதா, இல்லை தன் மனசைத் தேற்றிக்கொள்ளத் தானாகக் கேட்டுக்கொண்டதா என்பதுதான் எட்டு மாதமாக அவளைத் தின்கிறது. கேட்கவில்லை என்றால் பாதி வேலையில் கூப்பிட்டு அவரைக் கொன்றது இவள்தான். இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

அந்த ரெஞ்சைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். டார்க் ரெஞ்ச் என்பார்கள். கைப்பிடியைத் திருகி ஓர் எண்ணில் வைத்துக்கொண்டு நட்டை முறுக்கினால், அந்த அளவு இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சொல்லி நிறுத்தச் சொல்லும். அண்ணன் காருக்கு எண் நூற்றுப் பத்து. போன மாதம் அண்ணி ஷெட்டில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, அவர் பிடித்த இடத்தைப் பிடித்துப் பார்க்கும் ஆசையில் அதை எடுத்து, கைப்பிடியைச் சும்மா கீழே திருகி வைத்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் நூற்றுப் பத்தில் நின்றது. மறுபடி இறக்கினாள். மறுபடி ஏறியிருந்தது. ஷெட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று இவளிடம், இன்னொன்று அண்ணன் சட்டைப் பையில் இருந்து, விபத்தன்றைக்கே போய்விட்டது.

அவள் பயந்தாள் என்று நினைக்காதீர்கள். தலை வாரி, நல்ல துணியாக எடுத்து உடுத்திக்கொண்டுதான் இப்போதெல்லாம் ஷெட்டுக்குப் போகிறாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

இன்று காலை அந்த ரெஞ்சை ஒரு துண்டில் சுற்றித் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியில் சொல்லிக்கொண்ட காரணம் வேறு. கார் பட்டறையிலிருந்து வந்தாகிவிட்டது, அண்ணனின் ஸ்பேனர்களில் பாதி விபத்தோடு போய்விட்டது, இனிமேல் இந்த வீட்டு வண்டிக்கு நட்டு முறுக்குவது நான்தான், நல்ல சாமானாக வாங்க வேண்டும், நீ கூட வா என்று பொடிசைக் கிளப்பினாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்தக் காரை விற்றுத் தலைமுழுகச் சொல்லியிருந்தார்கள். அண்ணி காதிலேயே வாங்கவில்லை.

வண்டி ஓட்டியது பொடிசு. சீட்டின் நுனியில் உட்கார்ந்து, காலை எட்டி எட்டி பிரேக்கை மிதித்தாள். அண்ணனுக்கு நீளமான கால். ஒவ்வொரு தடவை வண்டியை நிறுத்தும்போதும் சீட்டைப் பின்னால் தள்ளி அவர் அளவுக்கு வைத்துவிட்டுத்தான் இறங்குவாள். இப்போதெல்லாம் முன்னால் இழுக்கவும் மறந்துவிடுகிறாள்.

இந்தப் பெண்ணின் வழக்கமே அப்படி. நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே தயாராக வைத்துவிட வேண்டும். லேபில் மறுநாள் ஷிப்டுக்கு வருகிறவர்கள் கையை நீட்டினால் போதும், எல்லாம் இருக்கும். வீட்டிலும் ராத்திரி படுக்கப் போகுமுன் பல்துலக்கிகளில் பேஸ்ட் வைத்துவிட்டுத்தான் படுப்பாள். இன்னமும் மூன்றில் வைக்கிறாள். மூன்றாவதை அண்ணி காலையில் எழுந்து சத்தமில்லாமல் கழுவிக் கவிழ்த்துவிடுகிறாள்.

இவ்வளவு தெரிந்த அண்ணிக்கு ரெஞ்ச் விஷயம் ஏன் உறைக்கவில்லை என்று கேட்பீர்கள். உறைக்கக் கூடாது என்று அவள் இருந்தாள், அவ்வளவுதான்.

கடை, மார்க்கெட் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. சுவர் முழுக்க ஸ்பேனர்கள் அளவுவாரியாகத் தொங்கின. கடைக்காரருக்கு வாய் ஓயாது. இரண்டு பெண்கள் கார் சாமான் வாங்க வந்ததில் அவருக்கு ஏகப்பட்ட உற்சாகம். அண்ணியின் கண் முதலில் போனது ஒரு பளபளப்பான பெட்டி மேல். நூற்றுச் சொச்சம் சாமான், அத்தனைக்கும் தனித்தனிப் பள்ளம்.

"அது போட்டோ எடுக்க நல்லா இருக்கும்மா," என்றார் அவர். அதில் பாதிக்கு மேல் ஸ்க்ரூ முனைக்கான குட்டி குட்டி பிட்டுகள்தான், மிச்சமும் நாலு தடவை நட்டைக் கழற்றினால் வாய் விரிந்துவிடும் என்று தன் கடைச் சரக்கையே தாராளமாகத் திட்டினார். நூறு வேண்டாம், பத்துப் பன்னிரண்டு வாங்குங்கள், ஆனால் உங்கள் ஆயுசுக்கும் வருகிற மாதிரி வாங்குங்கள் என்றார். விலை ஏறும் இடத்துக்குத்தான் கூட்டிப் போகிறார் என்று அண்ணிக்குத் தெரியாமல் இல்லை. அவளும் கடை வைத்திருப்பவள்தானே.

நட்டின் மேல் தொப்பி மாதிரி மாட்டுகிற சாக்கெட் இரண்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒன்றின் உள்பக்கம் பன்னிரண்டு மூலை, இன்னொன்றுக்கு ஆறு. பன்னிரண்டு மூலை சட்டென்று மாட்டிக்கொள்ளும், ஆனால் நட்டின் முனையை மட்டும் பிடிக்கும், துருப்பிடித்த நட்டாக இருந்தால் முனை மழுங்கி வெறுமனே சுற்றும். ஆறு மூலை நட்டின் பக்கத்தை முழுசாக அணைத்துப் பிடிக்கும். சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் ஆறுதான் என்று அவர் சொல்லி முடிக்குமுன் பொடிசு அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

ஸ்பேனர் பார்க்கும் வேலையைப் பொடிசு ஏற்றுக்கொண்டாள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அளவு மேலே மையால் அச்சடித்திருந்ததைத் தள்ளினாள், இரும்பிலேயே ஆழமாகப் பதித்திருந்ததை எடுத்தாள். பூச்சில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிந்தாலும் வேண்டாம், அது உரிந்தால் பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும் என்றாள். ஒரு போல்ட்டை வாங்கி அதில் ஸ்பேனரை மாட்டி ஆட்டிப் பார்த்தாள். கொஞ்சம் ஆடியதும் அதைத் திரும்பச் சுவரில் மாட்டச் சொன்னாள். கடைக்காரர் மாட்டினார், அவருக்கு வாய் கொஞ்ச நேரம் ஓய்ந்தது.

சாக்கெட்டை மாட்டித் திருப்ப நல்ல ராட்செட் ஒன்று, இறுகின நட்டைத் தளர்த்த ஒரு நீளக் கம்பி, முனை மழுங்காத இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பிளேயர் என்று சாமான் சேர்ந்தது. ஜாக்கி வாங்கும்போது கூடவே இரண்டு ஸ்டாண்டும் எடுக்க வைத்தாள் பொடிசு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது, அண்ணன் ஸ்டாண்டு இல்லாமல் ஒரு நாளும் குனிந்ததில்லை என்றாள். எட்டு மாதத்தில் அவள் அண்ணனைப் பற்றி இவ்வளவு சகஜமாகப் பேசி அண்ணி கேட்டதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் பார்த்த சின்னப் பெண் மாதிரி இருந்தாள், அண்ணிக்கு அவளைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

கடைசியில் டார்க் ரெஞ்ச். கடைக்காரர் புதிது ஒன்றைக் காட்டினார். அண்ணி மெல்லத் துணிப்பையைத் திறந்து பழையதை எடுத்து வைத்தாள். இது நன்றாக இருக்கிறதா என்று பார்க்க முடியுமா என்று கேட்டாள். தானாகத் திரும்புமா என்று கேட்க வாய் வரவில்லை.

பொடிசு அதை எதிர்பார்க்கவில்லை. அண்ணன் கைபட்ட சாமானை ஏன் வெளியில் எடுத்து வந்தீர்கள் என்கிற மாதிரி அண்ணியைப் பார்த்தாள்.

"அசல் சரக்கு. இப்ப இப்படி யார் செய்யறாங்க," என்று கடைக்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கைப்பிடியைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "என்னம்மா, நூத்திப் பத்துலயே நிக்குது. இப்படியேவா மாட்டி வைப்பீங்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவும் இல்லை.

"இதுக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கும்மா. வேலை முடிஞ்சதும் கைப்பிடியை அடியில இருக்கற கோட்டுக்கு எறக்கிடணும். முறுக்கினபடியே தொங்கவிட்டா ஸ்பிரிங் தளந்துபோகும். அப்புறம் நீங்க வச்ச அளவு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே டக்குனு சொல்லிடும். நீங்களும் இறுகிடுச்சுன்னு நம்பி வண்டியை எறக்கிடுவீங்க."

பொடிசு கையில் ஒரு சாக்கெட் இருந்தது. அதை அதற்குரிய பள்ளத்தில் சரியாக வைத்தாள். நான் வண்டியில் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். போகும்போது அவள் முகத்தை அண்ணி பார்த்தாள். ஷெட்டுக்குள் வந்து போவது யார் என்று அந்த முகம் சொல்லிவிட்டது.

கடைக்காரர் எதையும் கவனிக்கவில்லை. மேஜை ஓரத்தில் பதித்திருந்த முள் வைத்த ஒரு கருவியில் ரெஞ்சின் தலையைச் செருகி, கைப்பிடியை அழுத்தினார். 'டக்.' முள் எழுபதுக்குப் பக்கத்தில் நின்றது. இன்னொரு தடவை அழுத்தினார். அங்கேயேதான் நின்றது. மூன்றாவது தடவையும் அண்ணிக்காக அழுத்திக் காட்டினார்.

"நூத்திப் பத்துன்னு சொல்லிட்டு எழுபதுல மணியடிக்குது பாருங்க. வருஷக்கணக்கா முறுக்கியே வச்சிருந்திருக்காங்க. இதை நம்பிச் சக்கரம் மாட்டினா அவ்வளவுதான்."

அண்ணிக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்க நான் தயாராக இல்லை. அவர் மறக்கவில்லை. சண்டை போட்டுவிட்டுப் போனவர், கோபத்தோடு கோபமாகக் குனிந்து, ஒவ்வொரு நட்டாக முறுக்கியிருக்கிறார். அந்த 'டக், டக்' உண்மையாகவே கேட்டிருக்கிறது. தான் கொல்லவில்லை. அவள் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு நிமிர்ந்தபோது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் காரில், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கவிழ்ந்திருந்த பொடிசு தெரிந்தாள்.

அந்தச் சந்தோஷம் அதோடு போயிற்று.

ஸ்பிரிங் மாற்றித் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். அண்ணி சரியென்று தலையை ஆட்டினாள். பழையதை மேஜையிலேயே விட்டுவிட்டு, புது சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

காருக்குள் புது பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. அண்ணி கதவைச் சாத்தினாள். பொடிசு நிமிரவில்லை.

"சாவி உன்கிட்டயா இருக்கு?" என்று அண்ணி கேட்டாள்.

பொடிசு தலையை மட்டும் அசைத்தாள். ஆஸ்பத்திரியில் அண்ணன் சட்டையைத் தன்னிடம்தான் கொடுத்தார்கள், பையில் இருந்தது என்றாள். அண்ணி மருந்துக்கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துச் சனிக்கிழமைதோறும் போவாளாம். எண் இறங்கிக் கிடப்பதைப் பார்த்து அவளுக்கும் குழப்பம்தான். அண்ணன்தான் எடுத்துப் பார்க்கிறார் போல என்று அவளும் நினைத்தாளாம். ஒரே வீட்டில் இரண்டு பேரும் மாறி மாறி ஒருத்தரையொருத்தர் பேயாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் வரவே இல்லை, எட்டு மாதமாக ஒரு நாளும் வரவில்லை. அது அவளுக்கு அந்த நிமிஷம்தான் முழுசாக உறைத்தது. அழுவதற்கு அவகாசம் இல்லை.

"பதிமூணு வயசுலேர்ந்து அது என் வேலை அண்ணி," என்றாள் பொடிசு. "அண்ணன் ஒரு நாளும் அந்தக் கைப்பிடியைத் திருப்பினதில்ல. நான் வச்சிருப்பேன், எடுத்து முறுக்குவாரு, என்கிட்டயே குடுத்துடுவாரு. வந்து எடுத்தா ரெடியா இருக்கணும்னு நான்தான் அப்படியே மாட்டி வைப்பேன்." பிறகு கேட்டாள். "என்ன காட்டுச்சு?"

"சரியாத்தான் காட்டுச்சு."

"நூத்திப் பத்தா?"

"நூத்திப் பத்துதான். அந்த ஆளு சும்மா வாய்க்கு வந்ததைப் பேசறாரு, புதுசை விக்கறதுக்கு."

பொடிசு இப்போது நிமிர்ந்து அண்ணியை நேராகப் பார்த்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"ரிசல்ட் தெரிஞ்சுகிட்டு சொல்லாம இருக்கறவங்க முகத்தை நான் தினமும் பாக்கறேன் அண்ணி. என்னாலதான்னா சொல்லிடுங்க. ஆனா என்னாலன்னு தெரிஞ்சா அதுக்கப்புறம் என்னால இருக்க முடியாது."

இனி சும்மா ஒரு பொய் போதாது என்று அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. தன் முகம் இப்படி இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும், பொடிசு நம்புகிற காரணமாக வேண்டும். அவளிடம் அப்படி ஒன்று இருந்தது. எட்டு மாதமாகச் சுமந்து, பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் இறக்கி வைத்திருந்தாள்.

"உன்னால இல்ல, என்னால," என்றாள். "அன்னிக்கு அவர் பாதியில நிக்கும்போது நான்தான் கத்திக் கூப்பிட்டேன். மேல வந்தாரு. பெரிய சண்டை. அதுக்கப்புறம் அவர் கீழ போகவே இல்ல. நான் விடல."

"போகலையா?"

"போகல. அந்த நட்டெல்லாம் கையால மாட்டினதோட சரி. எனக்கு ஒரு சத்தமும் கேக்கல."

கடைசி வாக்கியத்தைச் சொல்வதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தச் சத்தம் கேட்டது என்று இன்றைக்குத்தான் அவளுக்கு உறுதியானது. அவர் இவளுக்கென்று விட்டுப் போன கடைசிச் சத்தம் அது.

பொடிசு பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"இத்தனை நாள் எனக்கு ஆறுதல் சொன்னீங்களே. ராத்திரி ராத்திரி என் பக்கத்துல உக்காந்து, மறதி எல்லாருக்கும் வரும்னு சொன்னீங்களே."

"ஆமா."

"நான் எங்கண்ணனைத் திட்டினேங்க. செத்துப் போனவரை, ஏன் மறந்தாருன்னு தினம் திட்டினேன். நீங்க கேட்டுகிட்டு உக்காந்திருந்தீங்க."

அண்ணி என்று கூப்பிடுவது அதற்குள் நின்றுபோயிருந்தது. அண்ணி அதைக் கவனித்தாள். இன்னொன்றையும் கவனித்தாள். வெளிறிப்போன முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. வெறுப்புதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு அவள் பிழைத்துக்கொள்வாள். இது போதும் என்று அண்ணி நினைத்தாள். வாழ்நாள் முழுக்க இப்படியே பார்க்கட்டும்.

பொடிசு பின்சீட்டில் இருந்த சாமான்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு பையாகத் தடவினாள். துணிப்பையை எடுத்து உதறினாள், துண்டு மட்டும் விழுந்தது.

"எங்கண்ணன் ரெஞ்ச் எங்க?"

அது அங்கேயே இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், நேரமாகிறது என்று என்னென்னவோ சொல்ல நினைத்தாள் அண்ணி. அதற்குள் பொடிசு கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

"அதையும் உங்ககிட்ட விட்டு வைக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கடைப் படியேறினாள்.

கண்ணாடிக் கதவு திறந்து மூடிக்கொண்டது. ரெஞ்ச் இன்னும் அந்த முள் கருவியிலேயே செருகிக் கிடந்தது. பொடிசைப் பார்த்ததும் கடைக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்து, கையை நீட்டி அந்த முள்ளைக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.